வாசகர் கேள்வி – பதில்: பழைய லேத்தை வாங்கலாமா?

உலோக வெட்டு இயந்திரங்களைப் பழையதாக வாங்குவது பற்றி வந்த கடிதங்களுள் ஆறினை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்திற்கான பதில் நீண்டுவிட்டது. மற்றவற்றுக்கு வேண்டிய அடிப்படையும் அதிலேயே அடங்கியிருப்பதால் அதைச் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகள் பிறருடைய பட்டறைகளில் கடைசல் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தப் பட்டறை தொடங்க முனைந்திருக்கிறேன். மூடப்படும் தொழிற்சாலை ஒன்றிலிருந்து, ஒரு மீட்டர் நீளமுள்ள வேலைத்துண்டைப் பிடிக்கக்கூடிய, முப்பது ஆண்டுப் பழைய சென்டர் லேத் (வேலைத்துண்டைச் சுழற்றி உளியால் கடையும் இயந்திரம்) விலைக்கு வருகிறது. புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கேட்கிறார்கள். அண்மையில் வண்ணம் அடித்திருப்பதால் பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கிறது. வாங்கலாமா ஐயா?

பதில்: முப்பது ஆண்டு என்ற வயது என்னை அச்சுறுத்தவில்லை. அண்மையில் அடித்த வண்ணம்தான் சற்றுத் தயங்க வைக்கிறது. வார்ப்பிரும்பு நாட்பட்டதால் கெடுவதில்லை. எண்ணெய் இன்றி உராய்வதாலும், உலோகத் துகளும் சாணைத் தூளும் வழித்தடங்களுக்குள் புகுந்து அரைப்பதாலும்தான் அது தேய்கிறது. எண்ணெய் ஊற்றும் துளைகளுக்குள் வண்ணம் இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இறங்கியிருந்தால், வண்ணம் அடித்தவர் அந்த இயந்திரத்தை இனி ஓட்டும் எண்ணத்தில் அடிக்கவில்லை என்பது தெளிவு. வேலையைச் சுழற்றும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் அடிப்பக்கத்தையும் கால்களையும் கைவிளக்கு பிடித்துப் பார்த்து, விரிசலை ஒட்டவைத்த தடம் எங்கேனும் வண்ணத்தின் கீழ் மேடிட்டுத் தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது பெட், அதாவது வழித்தடங்களைத் தன்மேல் கொண்ட நீண்ட அடிப்பகுதி. பெரும்பாலான பட்டறைகளில் வேலை குட்டையானது என்பதால், உளியைச் சுமந்து நகரும் சேடில் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை, வேலையைப் பிடித்துச் சுழலும் சக்குக்கு அருகிலுள்ள 300 மில்லிமீட்டர் தூரத்திற்குள்ளேயே முன்னும் பின்னுமாக ஓடிக் கழித்திருக்கும். வேலையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கம் இருக்கும் வழித்தடமோ பல இயந்திரங்களில் புதிதாகவே இருக்கும். இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளக் கருவி எதுவும் தேவையில்லை. சேடிலைச் சக்குக்கு அருகே நிறுத்தி, அதன் பூட்டைக் கையால் நகர்த்தும்போது இலேசாகப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, பிறகு கைச்சக்கரத்தால் டெயில்ஸ்டாக் பக்கம் கொண்டுசெல்லுங்கள். போகப்போக இறுகி, ஒரு கட்டத்தில் நகர மறுத்தால், தேய்மானம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை உங்கள் கையே சொல்லிவிடும்.

தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தவுடனே விலகிவிட வேண்டியதில்லை. அந்தத் தேய்மானம் உங்கள் வேலையில் என்ன செய்யும் என்பதே கேள்வி. உளியின் முனை நேர்க்கீழாக 0.1 மி.மீ. இறங்கினால், 50 மி.மீ. விட்டமுள்ள வேலையில் ஏற்படும் மாற்றம் அரை மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. அதை உங்கள் மைக்ரோமீட்டர் காணவே காணாது. அதே 0.1 மி.மீ. கிடைமட்டமாக விலகினால் விட்டத்தில் 0.2 மி.மீ. மாறிவிடும். சிக்கல் எங்கே என்றால், வெட்டு விசையும் சேடிலின் எடையும் கூடுதலாக விழும் முன்பக்க வழித்தடம் பின்பக்கத்தைவிட அதிகம் தேய்வதால், சேடில் நேராகக் கீழிறங்காமல் இயக்குபவரை நோக்கிச் சாய்கிறது. இரு வழித்தடங்களுக்கும் இடையே 300 மி.மீ. தூரமும், அவற்றுக்கு மேலே 200 மி.மீ. உயரத்தில் உளியின் முனையும் இருப்பதாகக் கொள்வோம். முன்பக்கம் 0.1 மி.மீ. மட்டும் தாழ்ந்தாலே, உளி ஏறத்தாழ 0.067 மி.மீ. வெளியே வந்து, விட்டத்தை 0.13 மி.மீ. பெருக்கிவிடும். பழைய லேத்தில் கடைந்த தண்டின் ஓரிடம் மட்டும் காரணமின்றிப் பருத்திருப்பதைப் பார்த்து நீங்களே பலமுறை உளியைக் குறை சொல்லியிருப்பீர்கள். காரணம் இதுவாக இருந்திருக்கலாம்.

இதை அளந்து பார்ப்பதற்கு, ஏறத்தாழ 50 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் துண்டு ஒன்றை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். சக்கிலிருந்து 200 மி.மீ. வெளியே நீட்டிப் பிடித்து, நடுப்பகுதியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாழ்த்திவிட்டு, இரு முனைகளிலும் 20 மி.மீ. அகலத்திற்கு வளையம்போல் விடுங்கள். டெயில்ஸ்டாக்கின் துணையில்லாமல், உளியை உள்ளும் வெளியும் நகர்த்தும் குறுக்கு ஸ்லைடை இடையில் தொடாமல், இரண்டு வளையங்களையும் ஒரே மெல்லிய வெட்டில் கடைந்து, துண்டு ஆறிய பிறகு இரண்டின் விட்டத்தையும் அளந்து பாருங்கள். வேறுபாடு 0.02 மி.மீ.க்குள் இருந்தால், முப்பது ஆண்டுப் பழைய இயந்திரத்திற்கு அது நல்ல கணக்கு என்றே சொல்வேன். ஆறிய பிறகு என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 50 மி.மீ. விட்டமுள்ள எஃகு 20 டிகிரி செல்சியஸ் சூடேறினால், விட்டம் 0.011 மி.மீ. அளவுக்குப் பெருத்துவிடும்.

வேறுபாடு அதிகமாக வந்தாலும் உடனே பெட்டின் மேல் பழி போட வேண்டாம். மூடப்படும் தொழிற்சாலைகளில் இயந்திரத்தை ஏற்கெனவே அடித்தளத்திலிருந்து பெயர்த்து மூலைக்குத் தள்ளி வைத்திருப்பார்கள்; சமமட்டம் இல்லாத தரையில் நிற்கும் லேத்தின் பெட் முறுக்கிக்கொள்ளும், வேலையும் டேப்பராக (ஒரு முனை பருத்தும் மறுமுனை மெலிந்தும்) வரும். மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டக்கூடிய துல்லிய மட்டக்கருவியைப் பெட்டின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்துப் பாருங்கள். முறுக்கினால் வந்த டேப்பர் கால் திருகுகளைச் சரிசெய்தால் போய்விடும். தேய்மானத்தால் வந்தது போகாது. முறுக்குப் பிழையைத் தேய்மானம் என்று கருதி நல்ல லேத் ஒன்றைக் கைவிட்ட அனுபவம் எனக்கே உண்டு. அதை வாங்கிச் சென்றவர் இன்றும் அதில் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைக் குளிர்ந்த நிலையில் சோதிப்பதால் பயனில்லை. நடுத்தர வேகத்தில் அரைமணி நேரமாவது ஓடவிட்டு, பிறகு எல்லா வேகங்களிலும் ஒவ்வொன்றாக மாற்றிக் கேளுங்கள். ஏதேனும் ஒரு வேகத்தில் மட்டும் ஒரே சீரான இடைவெளியில் ‘டக் டக்’ என்று ஒலித்தால், அந்த வேகத்துக்குரிய பல்சக்கரத்தில் பல் ஒன்று உடைந்தோ சிதைந்தோ இருக்கக்கூடும். ரன் அவுட்டை (சுழலும்போது மையம் விலகி ஆடும் அளவை) அளக்கும்போது டயல் கேஜின் முள்ளை ஸ்பிண்டிலின் முன்முனையான மூக்கின் மீதோ அதன் உள் டேப்பரிலோ வைக்க வேண்டும். சக்கில் பிடித்த தண்டின் மீது வைத்து அளந்தால், ஸ்பிண்டிலின் பிழையையும் சக்கின் பிழையையும் சேர்த்தே அளந்தவராவீர்கள்; பழைய மூன்று தாடைச் சக்கு தன் பங்குக்கு 0.1 மி.மீ. வரை ஓடுவது சாதாரணம். மூக்கில் 0.01 மி.மீ.க்குள் இருந்தால் மனநிறைவு கொள்ளலாம். பிறகு ஸ்பிண்டிலை ஒரு மரக்கட்டையால் மேலே நெம்பி, முள் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். பேரிங்கில் உள்ள ஆட்டம் அப்போது வெளிப்படும். சில ஸ்பிண்டில்களில் அதைத் திருகியே சரிசெய்யலாம் என்பதால், ஆட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் மறுத்துவிடாமல், விலையைக் குறைத்துக் கேட்க அதைக் காரணமாக்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, நீங்கள் செய்யப்போகும் வேலை எது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 50 மி.மீ. தண்டில் ஹெச்6 பொருத்தம் (அளவு எவ்வளவு மாறலாம் என்று வரையறுக்கும் ஒரு தரம்) என்றால் அனுமதிக்கப்படும் மொத்த வேறுபாடே 16 மைக்ரான். பேரிங் அமரும் இடங்களை நாள்தோறும் அந்த அளவுக்குக் கடைந்து கொடுக்கப் போகிறீர்கள் என்றால், தேய்ந்த பெட்டுடன் போராடிப் பொழுதைக் கழிப்பீர்கள். பழுதுபார்ப்பு வேலை, புஷ், பின், ஃபிளாஞ்ச் போன்ற பொது வேலை என்றால், ஓரளவு தேய்ந்த லேத்தே பல ஆண்டுகள் சோறு போடும். பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ள உங்களைப் போன்ற ஒருவர் இயந்திரத்தின் குறையைக் கையாலேயே ஈடுகட்டவும் முடியும். புதிதாகப் பழகுபவருக்கு நான் இதே பதிலைச் சொல்லமாட்டேன்.

விலை மூன்றில் ஒரு பங்கு என்பதைப் பற்றியும் ஒரு சொல். நான்கு தாடைச் சக்கு, ஃபேஸ் பிளேட் (சக்கில் அடங்காத வேலையைப் பூட்டும் வட்டத்தகடு), ஸ்டெடி (நீண்ட வேலையை நடுவில் தாங்கும் பிடி), மாற்றுப் பல்சக்கரங்கள் ஆகியவை இயந்திரத்தோடு வருகின்றனவா என்று கேட்டுப் பட்டியலாக எழுதி வாங்குங்கள். ஸ்டெடி தொலைந்துபோன பழைய லேத்துக்குப் பொருத்தமான இன்னொன்றைத் தேடி அலைவது, இயந்திரத்தையே தேடியதைவிடக் கடினம். மரை வெட்டும்போது சேடிலை நகர்த்தும் லீட் ஸ்குரூ அங்குல அளவில் இருந்தால், மெட்ரிக் மரை வெட்ட 127 பல் கொண்ட சக்கரம் உடன் இருக்க வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதையும், அதை ஐந்தால் பெருக்கினால் 127 வரும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். விடுபட்ட துணைக்கருவிகள், ஏற்றி இறக்கும் கூலி, மின்வேலை, முதல் பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கூட்டிய பிறகும் புதியதன் விலையில் பாதியைத் தாண்டாவிட்டால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்கிவிடுவேன்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுப் பழைய சி.என்.சி. டர்னிங் சென்டர் (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் லேத்) ஒன்று மிகக் குறைந்த மணிநேரமே ஓடியது என்று தரகர் சொல்கிறார். கிடங்கில் மின் இணைப்பு இல்லாததால் ஓட்டிக் காட்ட இயலாதாம். விலை மலிவு. முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். சாதாரண லேத்தை ஓட்டாமல் வாங்கினால் தவறு ஓரளவோடு நிற்கும், சி.என்.சி. இயந்திரத்தை ஓட்டாமல் வாங்குவது, மின்னணுப் பலகைகள் அடங்கிய மூடிய பெட்டி ஒன்றை வாங்குவதற்கு ஒப்பாகும்.

எண்முறைக் கட்டுப்பாட்டில் இயங்கும் மில்லிங் இயந்திரத்தை (சுழலும் வெட்டியால் உலோகத்தைச் செதுக்குவது) மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952இல் செயல்படுத்திக் காட்டியபோது, அதன் கட்டுப்பாட்டு அமைப்பு வெற்றிடக் குழாய்களால் ஆனதாக இருந்தது. அந்தக் குழாய்கள் காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் காலத்து வார்ப்பிரும்புப் பெட்டுகளோ பராமரித்தால் இன்றும் வேலைக்கு உதவும். உங்கள் இயந்திரத்திலும் இதே முரண்தான். ஸ்பிண்டில் பேரிங் பெரும்பாலும் ஓர் எண்ணைச் சொன்னால் கடையில் கிடைக்கும். பல்சக்கரத்தை வெட்டிக்கொள்ளலாம். அச்சு மோட்டாரை இயக்கும் செர்வோ டிரைவ் பலகைகளுள் தயாரிப்பாளர் கைவிட்டுவிட்ட ஒன்று எரிந்துபோனால், அதே பலகையைப் பழைய சரக்கில் தேடி எடுக்கும் வரை இயந்திரம் முழுவதும் நின்றுவிடும். ஆகவே கட்டுப்பாட்டு அமைப்பின் தயாரிப்பாளரையும் மாதிரி எண்ணையும் குறித்துக்கொண்டு, அதற்கு இன்னும் உதிரிப் பலகைகளும் பழுதுபார்ப்பவர்களும் கிடைக்கிறார்களா என்பதை, இயந்திரத்தைப் பார்க்கப் போவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

கிடங்கில் மின்சாரம் இன்றி நெடுநாள் கிடந்தது என்பது இன்னொரு கவலை. பல கட்டுப்பாட்டு அமைப்புகளில் இயந்திரத்தின் அளவுருக்கள் (அதன் இயக்கத்தை வரையறுக்கும் எண்கள்) அனைத்தும் பேட்டரி காக்கும் நினைவகத்தில் இருக்கின்றன. மின்சாரம் இல்லாத காலத்தில் அந்தப் பேட்டரி தீர்ந்துவிட்டால் அளவுருக்கள் அழிந்துபோகும். பேட்டரியை மாற்றும்போதுகூட இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்தபடியே மாற்றச் சொல்வது இதற்காகத்தான். அளவுருக்களின் நகல் விற்பவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள்; அந்தக் கேள்விக்கு அவர் விழித்தால், இயந்திரத்தை அவர் எந்த அளவுக்கு அறிந்திருக்கிறார் என்பதும் தெரிந்துவிடும்.

மின் இணைப்பு கொடுத்துக் காட்ட அவர் இசைந்தால், மணிநேரக் கணக்கை நம்பி நேரத்தைச் செலவிட வேண்டாம். மின்சாரம் இருந்த நேரமும் உலோகம் வெட்டிய நேரமும் வேறு வேறு. எண்ணை மீண்டும் சுழியிலிருந்து தொடங்கவும் பல அமைப்புகளில் வழி உண்டு. அதைவிட, ஒவ்வோர் அச்சுக்கும் பேக்லாஷை (திசை மாறும்போது வரும் வெற்று ஆட்டத்தை) ஈடுகட்ட எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஃபேனக் 0ஐ வகைக் கட்டுப்பாட்டு அமைப்புகளில் அது 1851ஆம் எண் அளவுருவில் இருக்கும், பெரும்பாலும் மைக்ரான் கணக்கில். சில மைக்ரான்கள் என்றால் இயல்பு. ஓர் அச்சில் மட்டும் எண் பெரிதாக இருந்தால், அச்சை நகர்த்தும் பால் ஸ்குரூவின் அல்லது அதன் தாங்கு பேரிங்கின் தேய்மானத்தை எண்ணால் மூடி வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். பிறகு டயல் கேஜை உளிகளைத் தாங்கும் டரட்டின் மீது வைத்து, அச்சை 0.01 மி.மீ. வீதம் ஒரு பக்கமும், உடனே மறுபக்கமும் நகர்த்தி, முள் ஒவ்வொரு படிக்கும் பதில் சொல்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை வரலாற்றுத் திரையைக் காட்டச் சொல்வதும் நல்லது. விற்பதற்கு முந்தைய நாள் அதைத் துடைத்தெடுத்திருந்தால், அதுவும் ஒரு செய்திதான்.

பலரும் பார்க்காமல் விடுவது கதவின் கண்ணாடி. அது கண்ணாடியன்று, பாலிகார்பனேட். குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் எண்ணெயும் ஆண்டுக்கணக்கில் பட்டுவந்தால், பார்வைக்கு நன்றாக இருந்தபடியே அது மோதலைத் தாங்கும் வலுவை இழந்துவிடும். சுழலும் சக்கிலிருந்து தாடை ஒன்று கழன்று பறந்தால் உங்களுக்கும் அதற்கும் இடையில் இருப்பது அந்தத் தகடு மட்டுமே. பன்னிரண்டு ஆண்டாகிவிட்ட தகட்டை மாற்றும் செலவையும், கதவு திறந்திருக்கும்போது ஸ்பிண்டில் ஓடாமல் தடுக்கும் பூட்டை யாரேனும் கம்பி போட்டு முடக்கியிருந்தால் அதைச் சரிசெய்யும் செலவையும் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

கேள்வி: விற்பவர் இயந்திரத்திற்கு ஆய்வுச் சான்றிதழ் வைத்திருக்கிறார். அதை நம்பி வாங்கலாமா?

பதில்: சான்றிதழில் எண்கள் இருக்கின்றனவா, ‘திருப்திகரம்’ என்ற சொல் மட்டும் இருக்கிறதா? வெட்டு இயந்திரங்களின் வடிவியல் துல்லியத்தை எப்படி அளப்பது, எவ்வளவு பிழையை ஏற்பது என்ற முறைகளை ஜெர்மானியப் பொறியாளர் கியோர்க் ஷ்லெசிங்கர் 1927இலேயே தொகுத்து வெளியிட்டார், இன்றைய ஐ.எஸ்.ஓ. 230 என்ற பன்னாட்டுத் தர விதித் தொகுதியும் அந்த வழியில் வந்ததே. இந்த முறைகளின்படி அளந்திருந்தால், ஒவ்வொரு சோதனைக்கும் அனுமதிக்கப்பட்ட அளவும் கிடைத்த அளவும் அருகருகே எழுதப்பட்டிருக்கும். அப்படி இருந்தாலும், அது அந்த நாளில், அந்த அடித்தளத்தில் நின்ற இயந்திரத்துக்கான சான்று. அதன் பிறகு இயந்திரம் இடம் பெயர்ந்திருந்தால் மீண்டும் அளக்க வேண்டும்.

கேள்வி: ஏலத்தில் வாங்குவது, வணிகரிடம் வாங்குவது, பயன்படுத்தியவரிடமே வாங்குவது, இவற்றில் எது நல்லது?

பதில்: பயன்படுத்தியவரிடம் வாங்குவதையே நான் விரும்புவேன். அங்கு இயந்திரத்தை ஓட்டிய தொழிலாளி இருப்பார். உரிமையாளர் தேநீர் சொல்லப் போகும் இடைவெளியில் அவரிடம் இரண்டு வார்த்தை பேசினால், வேறு எந்தச் சோதனையும் தராத செய்தி கிடைக்கும். ஏலத்தில் விலை குறைவு; ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. பழுதைத் தன் கையால் பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அது பொருந்தும்.

கேள்வி: 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கென்று செய்யப்பட்ட மில்லிங் இயந்திரம் ஒன்றை, 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் ஓட்ட முடியுமா?

பதில்: முடியும், கணக்குப் பார்த்துச் செய்தால். மோட்டாரின் வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறையும். நான்கு முனை மோட்டாரில் நிமிடத்துக்கு 1800 சுற்று என்றிருந்த ஒத்திசைவு வேகம் 1500 ஆகும். வோல்ட்டும் அதே விகிதத்தில் குறைய வேண்டும், இல்லையேல் மோட்டார் மிகையாகக் காந்தமேறிச் சூடாகும். 460 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று குறித்த மோட்டாரை 380 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் விகிதம் ஏறக்குறைய ஒன்றே. கூலன்ட் பம்பும் ஹைட்ராலிக் பம்பும் மெதுவாகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இணைப்புக் கொடுத்ததும் பேஸ் வரிசை (மூன்று மின்கம்பிகளின் வரிசை) சரியா என்று பார்த்த பிறகே ஹைட்ராலிக் பம்பை ஓட்ட வேண்டும். தலைகீழாகச் சுழன்றால் அது எண்ணெய் இல்லாமல் சில நிமிடங்களிலேயே கெட்டுவிடும்.

கேள்வி: ஒரே வகை உதிரிபாகத்தை மாதந்தோறும் குறித்த நாளில் தருவதாக ஒப்பந்தம் செய்திருக்கிறோம். கடன் வாங்கிப் புதிய இயந்திரம் ஒன்றை எடுக்கலாம் என்கிறார் என் கூட்டாளி. அந்தத் தொகைக்குப் பழையவை இரண்டு வாங்கலாம் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் பாகத்தின் வரைபடத்தை அனுப்பியிருந்தால் இன்னும் துணிந்து சொல்லியிருப்பேன். அளவு வரம்பு மிகவும் இறுக்கமாக இருந்து, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து திருத்திக்கொண்டிருக்க நேரமும் இல்லையென்றால், உங்கள் கூட்டாளி சொல்வதே சரி. உத்தரவாதக் காலத்தில் பழுது ஏற்பட்டால் தயாரிப்பாளர் வந்து நிற்பார் என்பதற்கும் ஒரு விலை உண்டு. வரம்பு தளர்வாக இருந்தால் உங்கள் பக்கம் சாய்கிறேன், ஒரு நிபந்தனையுடன்: இரண்டும் ஒரே தயாரிப்பு, ஒரே மாதிரி, ஒரே கட்டுப்பாட்டு அமைப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றின் பலகையைக் கழற்றி மற்றதில் போட்டுப் பழுது எங்கே என்று அரைமணியில் கண்டுபிடிக்க முடியும். நிரல்களும் உளிப் பிடிப்பான்களும் தாடைகளும் இரண்டுக்கும் பொதுவாகும். ஒன்று நின்றாலும் மற்றது இரவு நேரத்தில் ஓடி ஒப்பந்தத்தைக் காப்பாற்றும். வெவ்வேறு தயாரிப்பில் இரண்டு பழைய இயந்திரங்கள் என்றால் இந்த வசதிகள் எதுவும் கிடைக்காது.

எதை வாங்கினாலும், இடத்தில் இறக்கியவுடனே அடித்தளத்தில் நிரந்தரமாகக் காரை பூசிவிட வேண்டாம். மட்டம் பார்த்து நிறுத்தி, சில வாரங்கள் ஓட்டி, கான்கிரீட்டும் கால் திருகுகளும் படிந்த பிறகு மறுபடி மட்டம் பாருங்கள்.